மறுமொழியும் மௌனமும்: காத்திருத்தலின் அறம் குறித்து

அறவியல் பேசும் நூல்கள் பெரும்பாலும் செயலையே பேசுகின்றன. எது செய்யத்தக்கது, எது தவிர்க்கத்தக்கது, செயலின் நோக்கத்தைக் கொண்டு அதனை மதிப்பதா பயனைக் கொண்டு மதிப்பதா என்னும் வினாக்களே அவற்றின் பக்கங்களை நிரப்பி நிற்கின்றன. பிறிதொருவரின் மறுமொழியை எதிர்நோக்கிச் செயலற்றிருக்கும் வேளையில் ஒருவன் எத்தகைய அறத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பது அரிதாகவே வினவப்பட்டுள்ளது. தமிழ் மரபு இதற்கு ஒரு விதிவிலக்கு எனலாம். முல்லைத் திணைக்கு 'இருத்தல்' என்பதை உரிப்பொருளாக வகுத்த இலக்கணகாரர் காத்திருத்தலை வெறும் இடைவெளியாகக் கருதினாரல்லர். புணர்தலும் பிரிதலும் போல அதுவும் தனக்கென நிலமும் பொழுதும் ஒழுக்கமும் உடைய ஒரு வாழ்நிலை என்றே அவர்கள் கொண்டனர். எனினும், எவ்வளவு காலம் இருத்தல் தகும், மறுமொழி வராதவிடத்து அம்மௌனத்துக்கு என்ன பொருள் கொள்ளலாம் என்ற வினாக்களை இலக்கணம் விடுத்துச் சென்றது. அவை இலக்கணத்தின் வேலையுமல்ல.

இவ்வினாக்கள் இன்று எதிர்பாராத ஓரிடத்திலிருந்து மீண்டும் எழுகின்றன. கணனியில் இயங்கும் செய்நிரல்கள் தம்முட் பேசிக்கொள்கின்றன. பேசுவோர் உள்ள இடத்தில் மறுமொழிக்குக் காத்திருப்போரும் உளர். லினக்ஸ் வகைப் பணிசெயல் முறைமைகளில் இவ்வுரையாடலைப் பெரும்பாலும் நடத்திவைப்பது 'டீ-பஸ்' எனப்படும் செய்திப் பாட்டையாகும். 2002 ஆம் ஆண்டளவில் றெட் ஹற் நிறுவனத்தைச் சேர்ந்த ஹாவொக் பென்னிங்ரன் முதலியோர் தொடங்கிய இம்முயற்சி 2006 நவம்பரில் 1.0 என்னும் நிலைபெற்ற பதிப்பாக வெளிவந்தது. அதன் அமைப்பை ஒரு கிராமத்துத் தபாற்கந்தோரை மனத்திற் கொண்டால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். செய்நிரல்கள் ஒன்றோடொன்று நேரே தொடர்புகொள்வதில்லை. ஒவ்வொன்றும் பாட்டையோடு ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொள்கின்றது. பாட்டை அதற்கு ஒரு தனிப்பெயரை வழங்குகின்றது. அப்பாட்டை இயங்கும் காலம் முழுவதும் அப்பெயர் வேறெவருக்கும் மீள வழங்கப்படுவதில்லை. அனுப்பப்படும் செய்தி ஒவ்வொன்றும் ஒரு தொடரிலக்கத்தைத் தாங்கிச் செல்கின்றது. மறுமொழி தருவது அவ்விலக்கத்தைக் குறிப்பிட்டே மறுமொழி தரவேண்டும். அரச கந்தோர்க் கடிதங்களின் தலைப்பில் 'எனது இல.' என்றும் 'உமது இல.' என்றும் இரு வரிகள் காணப்படுவது போன்றதே இது.

இந்தத் தொடரிலக்கம் சிறியதொரு நுட்பமாகத் தோன்றலாம். ஆயினும் காத்திருத்தலின் சாரம் முழுவதும் அதனுள் அடங்கியுள்ளது. கேள்வியை அனுப்பிய செய்நிரல் அவ்விலக்கத்தைத் தன்னிடம் குறித்துவைத்து, 'இவ்விலக்கத்துக்குரிய மறுமொழி வரின் இன்னது செய்க' என்னும் ஏற்பாட்டையும் அதனருகே வைத்துக்கொள்கின்றது. வராத ஒன்றுக்கு முன்கூட்டியே ஓர் இடம் ஒதுக்கப்படுகின்றது. இடம் ஒதுக்காதவன் காத்திருப்பதாகச் சொல்ல முடியாது. மறுமொழி வேண்டியதில்லை என்ற குறிப்போடு செய்தி அனுப்பவும் டீ-பஸ்ஸில் வழியுண்டு. அவ்வாறு அனுப்பியவன் மறுமொழி பெறாவிடினும் ஏமாற்றமடைவதில்லை, காத்திருப்பதும் இல்லை.

இனி, காத்திருக்கும் முறைகளை நோக்குதல் வேண்டும். மிகப் பழைய முறை, 'வந்துவிட்டதா, வந்துவிட்டதா' என்று ஓயாது வினவிக்கொண்டிருத்தல். செய்நிரல் ஒரு வட்டத்திற் சுழன்று ஒவ்வொரு சுற்றிலும் இணைப்பைத் திறந்து பார்க்கின்றது. மைய முறைவழியாக்கியின் ஆற்றல் முழுவதும் இதிலேயே கழிகின்றது. அயலிலுள்ள செய்நிரல்களுக்குரிய நேரம் பறிபோகின்றது. மறுமொழி தரவேண்டிய செய்நிரலும் அதே பொறியில் இயங்குவதாயின், கேட்பவனின் பொறுமையின்மையே மறுமொழியைத் தாமதப்படுத்தும் என்பதும் நகைப்புக்கிடமான உண்மை. 1965 இல் ஒல்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ஒத்துழைக்கும் செயன்முறைகள் பற்றி எழுதிய கட்டுரையில் இவ்வகைக் காத்திருத்தலை விலக்கி, காத்திருப்பவன் உறங்கவும் காரணமானவன் அவனை எழுப்பவும் கூடிய ஒரு கருவியை விளக்கினார். பிற்காலப் பணிசெயல் முறைமைகள் இவ்வழியையே பின்பற்றின. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் ஒரு செய்நிரல், தான் எந்த இணைப்புகளில் உள்ளீட்டையோ வெளியீட்டையோ எதிர்நோக்குகின்றது என்ற பட்டியலைப் பணிசெயல் முறைமையின் கருவிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கச் செல்லலாம். 1980களில் எழுந்த 'செலெக்ற்', 'போல்' என்னும் அழைப்புகள் இதற்கென அமைந்தவை. 'போல்' என்பதற்கு ஒரு தவணையும் கொடுக்கப்படும். சுழியம் எனின் பார்த்துவிட்டு உடனே திரும்புக என்பது பொருள்; குறையெண் எனின் எத்துணைக் காலமாயினும் உறங்குக என்பது பொருள்.

உறக்கத்திலும் இருவகை உண்டு. ஒருவகை உறக்கத்திலிருப்பதைப் பிறிதொரு சமிக்ஞையால் எழுப்பலாம். அது எழுந்து நிலைமையை ஆராய்ந்து மீண்டும் உறங்கலாம், அல்லது காத்திருத்தலைக் கைவிடலாம். மற்றைய வகையில் உள்ளது, தான் எதிர்நோக்கும் வட்டுச் செயற்பாடு போன்ற ஒன்று முடியும்வரை எதற்கும் எழாது. அதனைக் கொல்லுமாறு விடுக்கப்படும் கட்டளைகூட அதன் காதில் விழாது. காத்திருத்தல் முடிந்த பின்னரே அக்கட்டளை நிறைவேறும். இரண்டாவதை உறுதி என்று புகழ்வதா சிறை என்று இரங்குவதா என்பது, அது காத்திருக்கும் பொருள் வருமா வராதா என்பதைப் பொறுத்தது.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். உறங்கும் செய்நிரல் உண்மையிற் காத்திருக்கின்றதா? பிரான்சிய மெய்யியலாளர் ஹென்றி பேர்க்சன் 1907 இல் வெளியிட்ட தமது படைப்பாற் பரிணாமம் பற்றிய நூலில், நீரில் இட்ட சீனி கரையும்வரை காத்திருக்க நேர்வதை ஓர் உதாரணமாகக் காட்டினார். கணிதத்தில் வரும் காலத்தைச் சுருக்கலாம், விரிக்கலாம். காத்திருப்பவன் அனுபவிக்கும் காலத்தை அவ்வாறு செய்ய முடியாது என்பது அவர் கருத்து. பொறிக்கு அத்தகைய அனுபவம் இல்லை. உறங்கிய கணமும் எழுந்த கணமும் அதற்கு அடுத்தடுத்து அமைந்தவை. இடையிற் கழிந்தது ஒரு மில்லிசெக்கனா ஓராண்டா என்பதை அது கடிகாரத்தைக் கேட்டே அறியவேண்டும். ஆகவே பொறி காத்திருப்பதில்லை, காத்திருத்தல் என்பது உவமை மாத்திரமே என்று கூறுவோர் உளர்.

இத்தடையில் ஒரு பாதி உண்மை. வேதனை பொறிக்கு இல்லை. ஆனால் காத்திருத்தலை முழுக்க வேதனையாகவே கொள்வது சரியன்று. மகனின் கடிதத்தை எதிர்நோக்கும் தாய் அடுப்படியில் வேலை செய்துகொண்டிருக்கலாம். அயலவரோடு பேசிச் சிரிக்கவும் கூடும். இரவில் உறங்கவும் செய்வாள். அவ்வேளைகளில் அவள் காத்திருக்கவில்லை என்று எவரும் கூறார். கடிதம் வந்தால் என்ன செய்வது என்ற ஏற்பாடு அவளுள் நின்றபடியே இருக்கின்றது. அந்த ஏற்பாடே காத்திருத்தலின் என்பு; வேதனை அதன்மேற் படர்ந்த தசை. பொறியிடம் என்பு மாத்திரம் உண்டு. அக்காரணத்தாலேயே அது ஆராய்ச்சிக்கு உகந்தது. உணர்ச்சி மறைத்துவிடும் சில கூறுகள் அங்கே வெளிப்படையாகத் தெரிகின்றன.

அவற்றுள் ஒன்று, ஒரு மறுமொழிக்குக் காத்திருப்பவன் பிறரை என்ன செய்கின்றான் என்பது. டீ-பஸ்ஸின் மூல நிரல் நூலகத்தில் இருவேறு வழிகள் உண்டு. ஒன்றில், செய்நிரல் இணைப்பைப் பொதுவாக நோக்கிக் காத்திருக்கின்றது. எச்செய்தி வரினும் அதனைப் படித்து, உரிய இடத்துக்கு அனுப்பி, எழுதவேண்டியதை எழுதி, மீண்டும் காத்திருக்கின்றது. மற்றையதில், ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு அக்கேள்வியின் மறுமொழி வரும்வரை வேறெதனையும் கவனியாது நிற்கின்றது. அவ்வேளையில் வரும் ஏனைய செய்திகள் தொலைந்துபோவதில்லை, வரிசையிற் கிடக்கின்றன. ஆனால் அவற்றுக்கு யாரும் மறுமொழி கூறுவதில்லை. அச்செய்திகளை அனுப்பியவர்கள் தத்தம் இடங்களிற் காத்திருக்கின்றனர். இப்போது 'அ' என்பது 'ஆ' என்பதிடம் ஒன்றைக் கேட்டு இவ்வாறு நிற்கின்றது எனக் கொள்க. மறுமொழி கூறுமுன் 'ஆ' என்பதற்கு 'அ' என்பதிடமே ஒரு விளக்கம் தேவைப்படுகின்றது. அதுவும் கேட்டுவிட்டு அவ்வாறே நிற்கின்றது. 'ஆ'வின் கேள்வி 'அ'வின் வரிசையிற் கிடக்கின்றது. 'அ' அதனைப் படியாது. ஏனெனில் அது 'ஆ'வின் மறுமொழிக்குக் காத்திருக்கின்றது. இருவரும் குற்றமற்றவர், ஒருவரையொருவர் மதித்தே நிற்கின்றனர், உரையாடலோ மடிந்துவிட்டது.

1971 இல் கொஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி ஆகிய மூவரும் இத்தகைய முட்டுக்கட்டைகள் தோன்றுவதற்கு வேண்டிய நான்கு நிபந்தனைகளை வகுத்துரைத்தனர். அவற்றுள் அறவியல் நோக்கிற் கருத்தைக் கவர்வது, கையில் உள்ளதை விடாது பற்றிக்கொண்டே வேறொன்றுக்குக் காத்திருத்தல் என்பதாகும். காத்திருத்தல் தன்னளவில் எவருக்கும் தீங்கு செய்யாதது என்ற எண்ணம் பரவலாக உண்டு. பற்றிக்கொண்டு காத்திருப்பவன் பிறரையும் காத்திருக்க வைக்கின்றான் என்பதை அவ்வெண்ணம் கவனிப்பதில்லை. பரீட்சைப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவன், அது வரும்வரை வேறெக்கடிதத்தையும் பிரிப்பதில்லை என்று முடிவுசெய்தால், அவனது ஒருமுகத்தன்மையை வியப்பதோடு அக்கடிதங்களை எழுதியோரையும் நினைத்துப் பார்க்கவேண்டியுள்ளது.

எனவே தவணை தேவையாகின்றது. அதன் தேவையை மறுப்பவர் காத்திருத்தலை ஒரு பக்தியாக்கிவிடுகின்றனர். டீ-பஸ்ஸில் மறுமொழிக்கான வழக்கமான தவணை 25 செக்கன். கேட்பவன் வேறு தவணை குறிப்பிடலாம். எல்லையற்றுக் காத்திருக்கவும் செய்யலாம். (இந்நூலகத்தில் ஒரு விநோதம் உண்டு. தவணையாக -1 என்னும் எண்ணைக் கொடுத்தால், இணைப்பைப் பொதுவாக நோக்கிக் காத்திருக்கும் இடத்தில் அதற்கு 'என்றென்றைக்கும்' என்பது பொருள். மறுமொழியொன்றுக்குக் காத்திருக்கும் இடத்தில் 'வழக்கமான தவணை' என்பது பொருள். என்றென்றும் என்ற சொல்லை மனிதரும் இவ்வாறே இரு பொருளில் வழங்குவதுண்டு.) கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யுமாறு ஒரு மனிதனைக் கேட்கவேண்டிய செயல்களுக்கு 25 செக்கன் போதாது. மனிதன் கதவைத் திறக்கச் சென்றிருக்கலாம். அத்தகைய இடங்களில் நெடுந்தவணை கொடுப்பதே முறை. மறுமொழி தருவோன் யார் என்பதை அறியாது தவணை விதிப்பவன் அநீதி செய்கின்றான்.

தவணை கழிந்ததும் நிகழ்வது கருத்தூன்றி நோக்கத்தக்கது. காத்திருந்த செய்நிரலுக்கு 'மறுமொழி இல்லை' என்னும் பெயருடைய ஒரு வழுச்செய்தி கிடைக்கின்றது. ஒதுக்கிவைத்த இடத்தில், எதிர்பார்த்த இலக்கத்தோடு, முறைப்படி அமைந்த செய்தியாகவே அது வந்து அமர்கின்றது. ஆனால் அது மறுபுறத்திலிருந்து வந்ததன்று. காத்திருந்தவனின் சொந்த நூலகமே அதனை எழுதி அவன் கையிற் கொடுத்தது. பிறனிடமிருந்து வரவேண்டிய கடிதம் வராதபோது, அவன் பெயரால் தானே ஒன்றை எழுதித் தானே படித்துக்கொள்வதற்கு இது ஒப்பாகும். மனித வாழ்க்கையில் இவ்வகைக் கடிதங்கள் மிகுதி. 'அவன் என்னை மறந்துவிட்டான்', 'அவர்கள் என்னை வேண்டாமென்றுவிட்டனர்' என்பன போன்ற முடிவுகளிற் பல, வந்த செய்தியின் பொருளல்ல. தவணை கழிந்ததும் உள்ளிருந்து எழுதப்பட்டவை. எழுதியவன் தானே என்பதை மறந்துவிடுவதில்தான் பிழை தொடங்குகின்றது.

அதே பெயருடைய வழுச்செய்தி வேறொரு வழியாலும் வரலாம். மறுமொழி தரவேண்டிய செய்நிரல் இடையில் முறிந்து வீழ்ந்தால் பாட்டையோடு அதற்கிருந்த இணைப்பு அறுகின்றது. பாட்டை அதனை உடனே அறிகின்றது. எவருக்கெல்லாம் அது மறுமொழி கூறக் கடமைப்பட்டிருந்தது என்ற கணக்கும் பாட்டையிடம் உண்டு. ஆகவே தவணை கழியுமுன்னரே, பெறுநர் மறுமொழி கூறாது நீங்கிவிட்டார் என்ற செய்தியைக் காத்திருப்பவனுக்கு அது அனுப்பிவைக்கின்றது. இது சாட்சியம். முன்னையது அனுமானம்கூட அன்று, பொறுமையின் எல்லை. இரண்டும் 'மறுமொழி இல்லை' என்ற ஒரே பெயரைத் தாங்கி வருகின்றன. எழுதியவர் யார் என்று தேடிப் பார்ப்பவனுக்கே வேறுபாடு புலப்படும். நிரலெழுதுவோர் பலர் அவ்வாறு பார்ப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே அறிவித்தலைத் திரையிற் காட்டிவிட்டு அமைகின்றனர்.

ஒரே பொறிக்குள் பாட்டை நடுநின்று சாட்சி கூறுகின்றது. பல பொறிகள் வலையமைப்பால் இணையும் இடத்தில் அத்தகைய நடுவரை எதிர்பார்க்க முடியாது. 1985 இல் பிஷர், லிஞ்ச், பற்றர்சன் ஆகிய மூவர் வெளியிட்ட ஒரு நிறுவல் கணனியியலிற் புகழ்பெற்றது. செய்தி வந்துசேரும் காலத்துக்கு உச்சவரம்பு எதுவும் இல்லாத ஒரு தொகுதியில், பங்குகொள்வோருள் ஒருவர் மாத்திரம் வீழக்கூடும் என்றிருந்தாலும், அனைவரும் ஒரு முடிவுக்கு வந்தே தீர்வர் என்பதை உறுதிசெய்யும் திட்டவட்டமான வழிமுறை எதுவும் இருக்க முடியாது என்பதை அவர்கள் காட்டினர். அந்நிலைமையின் வேரில் உள்ளது எளிய ஓர் உண்மை: மடிந்துவிட்ட ஒருவனையும் மிக மெதுவாக இயங்கும் ஒருவனையும் வெளியிலிருந்து வேறுபடுத்தி அறிய வழியில்லை. இருவரும் தருவது மௌனமே. எத்துணைக் காலம் காத்திருந்தாலும், இன்னும் சிறிது காத்திருந்தால் மறுமொழி வந்திருக்கும் என்ற வாய்ப்பு எஞ்சியே நிற்கும். ஆகவே தவணை என்பது ஒருபோதும் அறிவைத் தருவதில்லை. அது ஒரு தீர்மானம். தீர்மானங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டியவன் அவற்றைச் செய்தவன்.

இப்பொறுப்பு எத்தகையது என்பதைத் தாமதித்து வரும் மறுமொழி உணர்த்துகின்றது. தவணை கழிந்து ஒரு செக்கனுக்குப் பின் உண்மையான மறுமொழி வந்துசேர்ந்தால், அதற்கென வைத்த இடம் இப்போது இல்லை. அவ்விலக்கத்தை எதிர்நோக்குவார் எவருமில்லை. செய்தி கவனிப்பாரின்றிக் கழிக்கப்படுகின்றது. அதனினும் சிக்கலானது, கேட்கப்பட்ட செயல் உண்மையில் நிகழ்ந்துவிட்டிருப்பது. வங்கிக் கணக்கொன்றிலிருந்து பணத்தை மாற்றுமாறு கேட்டவன் மறுமொழி வரவில்லை என்று மீண்டும் கேட்பானாயின் பணம் இருமுறை மாறக்கூடும். கேளாது விட்டால் ஒருமுறையும் மாறாதிருக்கக் கூடும். மௌனத்துக்குப் பொருள் கொண்டவன் அப்பொருளின்மேற் செயலையும் அடுக்குகின்றான்.

செறொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய அன்ட்று பிறெல், புறூஸ் நெல்சன் ஆகியோர் 1984 இல் வெளியிட்ட கட்டுரையொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. தொலைவிலுள்ள பொறியில் ஒரு செயலை நிகழ்த்துமாறு அழைக்கும் முறையொன்றை அவர்கள் அமைத்தனர். அம்முறையில் ஓர் அழைப்பு எவ்வளவு காலம் நீடிக்கலாம் என்பதற்குத் தவணை விதிக்கப்படவில்லை. மாறாக, காத்திருக்கும் பொறி இடையிடையே ஒரு சிறு விசாரணையை அனுப்பும். மற்றையது 'இருக்கின்றேன்' என்ற அளவில் அதனை ஏற்றுக்கொள்ளும். ஏற்பு வந்துகொண்டிருக்கும்வரை காத்திருத்தல் தொடரும், அது நின்றால் அழைப்பு முறிந்ததாகக் கொள்ளப்படும். தன் பொறிக்குள்ளேயே ஒரு செயலை அழைப்பவன் தவணை விதிப்பதில்லை, தொலைவில் உள்ளவனுக்கு மட்டும் ஏன் விதிக்கவேண்டும் என்பது அவர்களது நியாயம்.

இந்நியாயத்தில் ஓர் அறவியற் பெயர்ச்சி அடங்கியுள்ளது. காத்திருத்தல் பற்றிய பேச்சு வழமையாகக் காத்திருப்பவனின் குணத்தைப் பற்றியதாகவே அமைந்துவிடுகின்றது. அவன் பொறுமைசாலியா, அவசரக்காரனா என்று ஆராய்கின்றனர். பிறெலும் நெல்சனும் அமைத்த முறையிலோ கடமையின் ஒரு பங்கு மறுபுறத்துக்குச் செல்கின்றது. மறுமொழி ஆயத்தமாகாவிடினும், 'உமது கேள்வி என்னிடம் உள்ளது, நான் இருக்கின்றேன்' என்று சொல்லும் கடன் கேட்கப்பட்டவனைச் சாரும். இக்கடன் மிகச் சிறியது. மறுமொழி தருவதற்கு அறிவு வேண்டும், சில வேளை துணிவும் வேண்டும். கேள்வி கிடைத்தது என்று சொல்வதற்கு அவை வேண்டியதில்லை. அச்சிறு கடனும் இறுக்கப்படாதபோதே காத்திருப்பவனின் பொறுமை சோதனைக்கு உள்ளாகின்றது. அந்நிலையில் அவனது குணத்தை ஆராய்வது ஆராயவேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தை ஆராய்வதாகும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. இருப்பதாக மட்டும் சொல்லிக்கொண்டு என்றும் மறுமொழி தராத செய்நிரலும் இருக்கலாம். முடிவற்ற வட்டமொன்றிற் சிக்கிய ஒன்று விசாரணைக்கு ஒழுங்காக ஏற்புத் தந்துகொண்டே இருக்கக் கூடும். கந்தோர்களில் 'உங்கள் விடயம் கவனத்திலுள்ளது' என்று ஆண்டுக்கணக்கில் எழுதப்படும் கடிதங்களை அறிந்தவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஏற்பு மறுமொழியாகாது. ஏற்பைக் கொண்டு மறுமொழியைத் தவிர்ப்பது மௌனத்திலும் கொடிது; ஏனெனில் மௌனம் காத்திருப்பவனுக்குத் தவணை விதிக்கும் உரிமையையேனும் விட்டுவைக்கின்றது. இவ்வெதிர்வாதம் வலியுடையது. பிறெல், நெல்சன் முறை அதற்கு முழுவிடை தரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

குறுந்தொகை முதலிய தொகைநூல்களில், கார்காலம் வந்ததும் மீள்வேன் என்று கூறிச் சென்றவனை எதிர்நோக்கும் தலைவியிடம், பெய்த மழை பருவமழை அன்று, கொன்றை மயங்கிப் பூத்துவிட்டது என்று தோழி வற்புறுத்தும் துறை உண்டு. தோழி கூறுவது பொய் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கலாம். அவள் தவணையை நீட்டுகின்றாள். மௌனத்துக்குத் தலைவி கொள்ளவிருக்கும் பொருளைச் சில நாட்களுக்குத் தள்ளிவைக்கின்றாள். வாய்மையை மட்டும் அளவுகோலாகக் கொள்பவர் தோழியைக் குறைகூறலாம். தலைவன் வரவில்லை என்பதிலிருந்து தலைவன் பொய்த்தான் என்பதற்குத் தாவுவதும் வாய்மையாகாது என்பதை அவர்கள் சேர்த்து எண்ணவேண்டும். ஆயினும் அத்துறையின் இனிமை, தலைவன் வரும் வழியில் இருக்கின்றான் என்னும் மரபின் உறுதியைச் சார்ந்தது. அவ்வுறுதி இல்லாத இடத்தில் தோழியின் பேச்சு வேறு பொருளைப் பெறும்.

சட்டமும் தவணை விதிக்கின்றது. 7 ஆண்டுகள் செய்தியற்றிருந்தவர் இறந்தவராக அனுமானிக்கப்படலாம் என்பது ஆங்கிலச் சட்டமரபில் நெடுங்காலம் நிலவிய விதி. 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும் அதனையே கூறிற்று. சொத்துரிமை, மறுமணம், பிள்ளைகளின் பராமரிப்பு ஆகியன முடிவின்றித் தொங்கி நிற்க முடியாது என்ற நியாயம் அதன் பின்னே உண்டு. அந்நியாயம் பொய்யன்று. காத்திருக்கும் குடும்பத்துக்கும் அரிசி வேண்டும், காணி உறுதி வேண்டும், பாடசாலை அனுமதி வேண்டும். ஆனால் அவ்விதி தரும் சொல் 'இறந்தார்' என்பது. தவணை கழிந்தது என்பதை அது சாவு கண்டது என்பதாக எழுதுகின்றது. காத்திருந்தவனின் நூலகம் எழுதிய கடிதத்தைப் பாட்டையின் சாட்சியமாகக் காட்டுவது போன்றதே இது.

இலங்கையில் இவ்வேறுபாடு வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை. போர்க்காலத்திற் காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு மரணச் சான்றிதழ் வழங்க முற்பட்டபோது, அதனை ஏற்க மறுத்தோர் பலர். கண்ணாற் காணாத, எவரும் சாட்சி கூறாத ஒரு சாவுக்குத் தம் கையொப்பத்தைக் கொடுப்பதா என்பது அவர்களது வினா. 2016 இல் மரணங்களைப் பதிவுசெய்தல் தொடர்பான தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம், ஒருவர் காணப்படவில்லை என்பதை மாத்திரம் உறுதிப்படுத்தும் வேறொரு சான்றிதழுக்கு வழிவகுத்தது. அதனைக் கொண்டு குடும்பத்தினர் சில அலுவல்களை நடத்திக்கொள்ளலாம். இறந்தார் என்று எழுதவேண்டியதில்லை. மொழியளவில் இது நேர்மையான பத்திரம் என்றே கொள்ளவேண்டும். அறிந்ததற்கு மேல் அது எதனையும் கூறவில்லை. அதே ஆண்டு காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்தை நிறுவும் சட்டமும் நிறைவேறியது.

எனினும் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டது சான்றிதழன்று. படையினரிடம் தம் கையாலேயே ஒப்படைத்த பிள்ளை எங்கே என்று அவர்களுட் பலர் கேட்டனர். அக்கேள்விக்கு இலக்கமும் உண்டு, திகதியும் உண்டு, ஒப்படைத்த இடமும் உண்டு. எவரிடம் கேட்கப்பட்டது என்பதும் தெளிவு. இங்கு மௌனம், மடிந்தவனையும் தாமதிப்பவனையும் வேறுபடுத்த முடியாத அந்த வலையமைப்பின் மௌனமன்று. கேட்கப்பட்ட தரப்பு இருக்கின்றது, இயங்குகின்றது, ஏனைய செய்திகளுக்கு மறுமொழி தந்துகொண்டுமிருக்கின்றது. வரிசையிற் கிடக்கும் கேள்வி பிரிக்கப்படவில்லை. ஒருகால், பிரிக்கப்பட்டு மீண்டும் வைக்கப்பட்டிருக்கலாம். அத்தாய்மாருக்கு ஆறுதல் கூற முன்வந்தோர், நெடுங்காலம் கழிந்துவிட்டது, இனியேனும் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றனர். நல்லெண்ணத்தோடு கூறப்பட்டதாயினும் அது தவணையை எவர் விதிக்கவேண்டும் என்பதை மாற்றிக் கூறுகின்றது. அப்பந்தல்களில் அமர்ந்திருந்தோரிற் சிலர் மறுமொழி கேளாமலே இறந்துபோயினர். அவர்களின் படங்களையும் ஏனையோர் பந்தலிற் சேர்த்து மாட்டினர். இப்போது அங்கே கேட்கப்பட்டோரின் படங்களும் கேட்டோரின் படங்களும் ஒரே வரிசையில் உள்ளன.